ஐடா ஸ்கடர் அம்மையாரும் அவர்தம் மோட்டார் வண்டியும்

முன்னுரை

பறம்பு மலைக்குத் தலைவனாய் விளங்கிய பாரி வள்ளலின் தேர் எம்மரத்தால் இயன்றது, எத்தச்சன் கைபட்டது, எத்துணை மணிகள் பூண்டது என்பவற்றை இன்று அறிவார் ஒருவரும் இலர். ஆயினும், ஆண்டுகள் ஈராயிரம் கழிந்தும் அத்தேர் தமிழர் நெஞ்சினின்றும் நீங்கவில்லை. பற்றுக்கோடின்றித் தளர்ந்து கிடந்த முல்லைக் கொடியின்பொருட்டு அதனை அவன் வழியிலே விட்டுச் சென்றமையே அதற்குக் காரணம். வேந்தர் பலர் ஏறிச் சென்ற பொற்றேர்கள் பெயரும் இன்றி மறைய, காட்டிடையே நிறுத்தப்பெற்ற ஒரு தேர் அழியாப் புகழ் எய்திற்று. ஊர்தி ஒன்றன் பெருமை அதன் விலையினும் விரைவினும் இல்லை. அது யார்பொருட்டு எங்கே நின்றது என்பதிலேயே உள்ளது என்பதை நாம் இதனால் உணர்கின்றோம்.

பழைய மோட்டார் வண்டிகளைத் தேடிக் கண்டு, துருவைப் போக்கி, உடைந்த உறுப்புகளைச் செப்பனிட்டு, பித்தளை விளக்குகளைப் பொன்போலத் துலக்கி, ஆண்டுக்கொரு முறை அணிவகுத்துச் செலுத்தி மகிழும் அன்பர்கள் இன்று உலகெங்கும் உளர். ஆங்கில நாட்டில் மோட்டார் வண்டிகளின் வேகத்திற்கு இருந்த கடுந்தளை 1896-ஆம் ஆண்டில் தளர்த்தப்பெற்ற நாளின் நினைவாக, 1905-க்கு முற்பட்ட வண்டிகள் ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில் இலண்டன் மாநகரினின்றும் பிரைட்டன் கடற்கரைக்கு ஊர்ந்து செல்கின்றன. நம் நாட்டில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையார் தில்லியில் 1964-ஆம் ஆண்டு அத்தகைய அணிவகுப்பைத் தொடங்கினர். கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு அவர்களின் பெயரால் விளங்கும் அறநிலையத்தார் 2015-இல் பழைய மோட்டார் வண்டிகளுக்கெனவே ஒரு காட்சிசாலையைத் திறந்தனர். இவ்வார்வத்தைச் செல்வர்தம் வீண் பொழுதுபோக்கென்று இகழ்வாரும் உளர். யாம் அவ்வாறு இகழோம். முன்னோர் கைத்திறனைப் பேணுதல் நன்றேயாம். ஆனால் வண்டியைப் பேணுவார் அவ்வண்டி ஓடிய வழியையும் உடன் பேணுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

அவ்வாறு நோக்குமிடத்து, இராணிப்பேட்டை, வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றின் இருமருங்கும் தோல் பதனிடும் தொழிலாற் பெயர்பெற்ற இந்நிலப்பகுதியில் ஓடிய வண்டிகள் அனைத்தினும் தலைமை வாய்ந்தது, 1909-ஆம் ஆண்டில் வேலூருக்கு வந்த சின்னஞ்சிறு பியூஜோ வண்டியே என யாம் துணிகின்றோம். அதனை உடையவராயிருந்தவர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார். அப்பெருமாட்டியின் வரலாற்றை அவர் ஏறிச் சென்ற ஊர்திகளின் வழியே நின்று ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தார். இவர்தம் பாட்டனாராகிய ஜான் ஸ்கடர் நியூயார்க் நகரிற் சிறந்த மருத்துவராயிருந்து, 1819-இல் அத்தொழிலைத் துறந்து கப்பலேறி, முதலில் யாழ்ப்பாணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் பணியாற்றியவர். அவருடைய மக்களும் அவ்வழியே நின்று, 1853-இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். அம்மக்களுள் ஒருவராகிய இளைய ஜான் ஸ்கடரே நம் அம்மையாரின் தந்தையார். தாயார் பெயர் சோபியா. ஐந்து ஆண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண்மகவு ஆதலின், இவர் வீட்டாரின் பேரன்பிற்கு உரியராய் வளர்ந்தார்.

தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் வாயில் வழங்கும் கொடிய பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியபொழுது, அம்மையார் ஆறேழு வயதுக் குழந்தை. நிமிர்ந்து நிற்கவும் வலியற்றுக் கிடந்த சிறுவர் வாயில் தம் சின்னக் கையால் ரொட்டித் துண்டுகளை ஊட்டிய நினைவு அவருள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. இதனால் இந்நாட்டின்மேல் அன்பு பிறந்ததோ எனின், இல்லை. அச்சமும் வெறுப்புமே பிறந்தன. பஞ்சத்தின் பின் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், நார்த்பீல்டு என்னும் ஊரிற் பயின்று, அந்நாட்டு இளமகளிர் போலவே மகிழ்ச்சியோடு வாழ விரும்பினார். ஸ்கடர் குடும்பத்தார் அனைவரும் மிஷனெரிகளாகட்டும், தாம் மட்டும் ஆவதில்லை என்பது அவர்தம் உறுதி.

மூன்று அழைப்புகள்

தாயார் நோயுற்றமையால் 1890-ஆம் ஆண்டு அவர் இந்நாட்டிற்குத் திரும்ப நேர்ந்தது. அப்பொழுது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். ஓரிரவு வீட்டு வாயிலில் பிராமணர் ஒருவர் வந்து நின்று, பேறுகால வேதனையில் தவிக்கும் தம் இளமனைவியைக் காக்க வருமாறு அம்மையாரை வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாதென்றும், மருத்துவராகிய தந்தையாரை அழைத்துச் செல்லலாமென்றும் அவர் கூறினார். அயல் ஆடவர் தம் மனையாளைத் தீண்டுதல் ஆகாதென்று கூறி வந்தவர் திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் இஸ்லாமியர் ஒருவர் வந்தார். அவருக்குப் பின் உயர்குலத்து இந்து ஒருவர் வந்தார். மூவர் வேண்டுகோளும் ஒன்றே. மூவர் மறுப்பும் ஒன்றே. பொழுது புலர்ந்தபொழுது தெருவிற் சாப்பறை ஒலித்தது. மூன்று பெண்களும் இறந்தனர் என்னும் செய்தி வந்தது.

இந்நிகழ்ச்சியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவ்விரவில் மருத்துவர் இல்லாமையால் அப்பெண்கள் மாண்டாரல்லர். கற்றுத் தேர்ந்த மருத்துவர் கூப்பிடு தொலைவிலேயே இருந்தார். எனினும் இடையே ஒரு தூரம் இருந்தது. அது மைற்கல்லால் அளக்கவொண்ணாத வழக்கம் என்னும் தூரம். பெண் மருத்துவர் ஒருவரே அதனைக் கடத்தல் கூடும். தாம் வெறுத்து விலகிய வாழ்வையே அம்மையார் அன்று தமக்கென மேற்கொண்டார்.

மீண்டும் அமெரிக்கா சென்று, 1895-இல் பிலடெல்பியா நகரத்து மகளிர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, பின்னர் நியூயார்க்கிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். வேலூரிற் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டுதற்குப் பொருள் தேடியபொழுது, ஷெல் என்னும் முதியவர், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாகப் பதினாயிரம் டாலர் ஈந்தார். ஆனி ஹான்காக் என்னும் தோழியோடு புறப்பட்டு, 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் இந்நாட்டை அடைந்தார்.

வேலூரில் தொடங்கிய பணி

தந்தையாரிடம் பயிற்சி பெற்றுப் பணியாற்றலாம் என்று எண்ணி வந்தவர்க்கு அக்கொடுப்பினை நெடிது நிற்கவில்லை. அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். முப்பது வயதும் நிரம்பாத அம்மையார் தனித்து நின்று, வேலூரில் தங்கள் இல்லத்துச் சிற்றறை ஒன்றில் ஒற்றைப் படுக்கையோடு தம் தொழிலைத் தொடங்கினார். முதலில் வருவார் சிலரே. வந்தோர் நலமுற்றுச் செல்லச் செல்ல, வாயிலிற் கூட்டம் பெருகிற்று. இரண்டாண்டிற்குள் ஏறக்குறைய ஐயாயிரம் நோயாளர் அங்கே மருந்து பெற்றனர் என்பர். சலோமி என்னும் தமிழ்ப் பெண்மணி மருந்து கலக்கக் கற்று அவருக்கு வலக்கையாய் நின்றார். 1902-இல் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை நாற்பது படுக்கைகளோடு திறக்கப்பெற்றது.

வழக்கம் என்னும் தூரம் இவ்வாறு குறையத் தொடங்கிற்று. முக்காடிட்ட இஸ்லாமிய மாதரும், அகத்தைவிட்டு வெளிவாரா மகளிரும் அச்சமின்றி அம்மருத்துவமனையை நாடினர். ஆனால் மற்றொரு தூரம் குறையாமல் நின்றது. அது மண்ணின்மேற் கிடந்த வழியின் தூரம்.

கட்டை வண்டிக் காலம்

தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்தினின்று நம் வாலாஜா ரோடு வரையே ஓடிற்று. ஆகவே இப்பகுதியார் பிறரினும் முன்னரே விரைந்த ஊர்தியைக் கண்டவராவர். எனினும் இருப்புப் பாதை பேரூர்களைப் பேரூர்களோடு இணைத்ததேயன்றி, வயலிடையே கிடந்த சிற்றூர்களைத் தீண்டிற்றில்லை. வேலூருக்கும் குடியாத்தத்திற்கும் இடையே இருபது மைலுக்கு மேற்பட்ட வழி. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஏற்றிய வண்டிகளும், உப்பிட்ட தோல்களைச் சுமந்த வண்டிகளும், குடியாத்தத்து நெசவாளரின் துணி மூட்டைகளும் இப்பகுதிச் சாலைகளிற் புழுதியெழ ஊர்ந்து செல்லும். மாட்டு வண்டி மணிக்கு இரண்டரை மைல், மிகின் மூன்று மைல் செல்லும். போவதற்கு ஒரு நாளும் மீள்வதற்கு ஒரு நாளும் ஆயின், இடையே மருத்துவம் செய்தற்குப் பொழுது ஏது?

நோயாளர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அரையாள் கூலி போய்விடுமே என்று அஞ்சுவோர் நோய் முற்றுமளவும் புறப்படார். புறப்பட்டாலும், கயிற்றுக் கட்டிலிற் கிடத்தி நால்வர் சுமந்து வருதல் வேண்டும். தோல் பதனிடுவோர்க்குச் சுண்ணாம்புக் குழியில் கைகால் புண்படுதல் தொழிலோடு பிறந்த துன்பம். அத்தகைய புண்ணைச் சிறிதென்று விட்டு வைத்தால் அதுவே காலை இழக்கச் செய்யும். நெடுவழி நடந்து மருத்துவமனை வாயிலை அடையுமுன்னே உயிர்நீத்தாரும் உண்டு. திண்டிவனத்து இரவில் மூன்று பெண்களைக் கொன்றது ஒரு தூரம் எனின், ஈண்டு நாள்தோறும் பலரைக் கொன்றது வேறொரு தூரம். அம்மையார் மாட்டு வண்டியிலும் ஜட்காவிலும் ஏறி ஊர்களுக்குச் சென்று பார்த்தார். ஆயினும் அவ்வண்டிகள் அவருடைய மன விரைவிற்கு ஈடு கொடுத்தில.

பியூஜோ வண்டியின் வருகை

இந்நிலையில் 1909-ஆம் ஆண்டு அம்மையார் கைக்கு ஒரு மோட்டார் வண்டி வந்து சேர்ந்தது. பிரெஞ்சு நாட்டிற் செய்யப்பெற்ற பியூஜோ அது. அதன் எஞ்சினுக்கு ஒரே சிலிண்டர்.

இதனை இயற்றிய குடும்பத்தார் வரலாறு சுவையுடையது. கிழக்குப் பிரான்சில் மாவரைக்கும் ஆலை ஒன்றை 1810-இல் எஃகுப் பட்டறையாக மாற்றி, இரம்பமும் காப்பிக்கொட்டை அரைக்கும் பொறியும் செய்து விற்றவர்கள் அவர்கள். இரம்பப் பல்லின் உறுதியைக் காட்டப் பொறித்த சிங்க முத்திரையே பின்னர் அவர்தம் மோட்டார் வண்டிக்கும் முத்திரையாயிற்று. 1882-இல் சைக்கிளும், 1889-இல் நீராவியால் ஓடும் முச்சக்கர வண்டியும், 1891 முதல் பெட்ரோலால் ஓடும் வண்டியும் செய்தனர். ஆங்கில நாட்டுப் பழவண்டி அன்பர்கள் 1919 முதல் 1930 வரை இயன்றவற்றையே வின்டேஜ் என்பர். 1905 முதல் 1918 வரையுள்ளவற்றை ஏழாம் எட்வர்டு மன்னரின் பெயரால் எட்வர்டியன் என்பர். அக்கணக்கின்படி அம்மையார் வண்டி வின்டேஜினும் மூத்த தலைமுறையைச் சார்ந்தது.

அக்காலத்து ஒற்றைச் சிலிண்டர் வண்டியைச் செலுத்துதல் இக்காலத்துச் சாவி திருப்புதல் போன்றதன்று. மின்சாரத்தால் எஞ்சினை எழுப்பும் கருவி 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியிலேயே முதன்முதல் அமைந்தது. அதற்கு முன்னெல்லாம் வண்டியின் முகப்பிற் கைப்பிடியைச் செருகி, வலிகொண்டு சுழற்றியே எஞ்சினை எழுப்புதல் வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைப்பின், சுழற்றுவோன் மணிக்கட்டு முறிதலும் உண்டு. சிலிண்டர் ஒன்றேயாதலின், சுழலுருளை இருமுறை சுழலுவதற்குள் ஒருமுறையே உந்துதல் பிறக்கும். இடைப்பட்ட நேரமெல்லாம் கனத்த சக்கரம் ஒன்று தன் விசையால் வண்டியைத் தாங்கிச் செல்லும். அதனால் அதன் ஒலி இடையறா இரைச்சலாயிராது. உலக்கை குத்தினாற்போல விட்டுவிட்டு ஒலிக்கும். இரவில் ஒளி வேண்டின், கார்பைடுக் கற்களின்மேல் நீர்த்துளி சொட்டச் செய்து, அதினின்றும் எழும் வாயுவைக் கொளுத்துவர். வழியிற் பெட்ரோல் விற்பார் இலர். தகரங்களில் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். மாட்டு லாடத்து ஆணி டயரிற் பாய்ந்தால், மர நிழலில் அமர்ந்து ஒட்டுப்போடுதல் வேண்டும்.

மோட்டார் வண்டி அக்காலத்துத் தமிழ்நாட்டிற்கு முற்றும் புதிதன்று. சென்னைச் சிம்ப்ஸன் கம்பெனியார் 1903-இலேயே நீராவி மோட்டார் ஒன்றைத் தாமே இயற்றி ஓட்டினர். பட்டணங்களில் அரசாங்க அலுவலரும் வணிகரும் சிலர் மோட்டார் வைத்திருந்தனர். ஆனால் அவர்தம் வண்டிகள் மாளிகை வாயிலினின்று கச்சேரி வாயில்வரை ஓடியவை. சிற்றூர் மக்கள் கண்ட முதல் மோட்டாரோ பலர்க்கு அம்மையாருடையதே. குதிரையும் மாடும் இன்றிப் புகையும் ஓசையுமாய் உருண்டு வந்த அதனைப் பேயென்று அஞ்சி அவர்கள் வயலிடையே ஓடி ஒளிந்தனர் எனக் கூறுவர். அந்த அச்சம் சின்னாளே நின்றது. தொலைவில் அவ்வோசை கேட்டவுடன் மரத்தடியை நோக்கி ஓடிவரும் காலம் விரைவில் வந்தது.

மரத்தடி மருத்துவசாலை

வாரந்தோறும் குறித்த நாளில் வண்டி வேலூரினின்றும் குடியாத்தம் நோக்கிப் புறப்படும். மருந்துப் பெட்டிகள், கட்டுத் துணிகள், சிறு அறுவைக் கருவிகள் எல்லாம் அதிலே அடைபடும். வழியில் ஆலும் புளியும் நிழல் தரும் இடங்களிற் கூட்டம் காத்து நிற்கும். வண்டி நின்றதும் மருத்துவசாலை திறந்ததாகிவிடும். சுவர் இல்லை, கதவு இல்லை, காவலன் இல்லை. சீழ் கட்டிய புண்ணைக் கீறிக் கழுவிக் கட்டுதலும், கண்ணில் மருந்திடுதலும், பல் பிடுங்குதலும், சுரத்திற்குக் கொயினா கொடுத்தலும், அறுவை வேண்டும் நோயாளரை மருத்துவமனைக்கு வருமாறு கூறுதலும் அங்கே நிகழும். இப்பணி ரோட்சைடு என்னும் பெயராலேயே வேலூர் மருத்துவமனையாரிடையே இன்றும் நினைக்கப்பெறுகின்றது.

இங்கே ஒன்றனைக் கூர்ந்து நோக்குதல் தகும். மருத்துவமனையின் வாயிலை மிதிக்கத் தயங்கியோர் பலர். பணமில்லையே என்று தயங்கினோர் சிலர். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டுப் பழகித் தயங்கினோர் சிலர். தொழுநோயாளரோ எவ்விடத்தும் விரட்டப்பெற்றுப் பழகியவர்கள். பொதுவழியில் மரநிழல் எல்லார்க்கும் உரியது. அதனை ஆர் தடுப்பார்? நீரடிமுத்து எண்ணெயையன்றி வேறு மருந்து அறியப்படாத அக்காலத்திலேயே தொழுநோயாளர் அச்சாலையோரத்தை நம்பி வந்தனர். தம் ஊராரே தீண்ட மறுத்த கைகளை அம்மையார் தம் கைகளால் ஏந்திக் கழுவினார். வழியின் தூரத்தைக் குறைக்க வந்த வண்டி, மனிதர்க்குள் மனிதர் வகுத்த தூரத்தையும் ஓரளவு குறைத்தது என்பதே எமக்கு அதன் தலையாய பெருமையாகத் தோன்றுகின்றது.

வண்டி கற்பித்த பாடம்

ஆயினும் வண்டியை அளவிறந்து புகழ்தல் ஆகாது. பொழுது சாயும், வண்டி புறப்படவேண்டும். கைக்குழந்தையோடு பின்னே ஓடிவரும் தாய்மார் எப்பொழுதும் சிலர் எஞ்சுவர். வாரத்தில் ஒருநாள் வரும் மருத்துவர்க்காக நோய் ஆறுநாள் காத்திருப்பதில்லை. மாட்டு வண்டியிற் சென்ற காலத்தில் அம்மையார் கண்டது சில ஊர்களின் துன்பம். மோட்டாரிற் சென்றபின் கண்டதோ ஒரு நாட்டின் துன்பம். விரைந்த ஊர்தி துன்பத்தைத் தீர்த்ததைக் காட்டிலும், அதன் பரப்பைத் தெளிவாகக் காட்டிற்று என்று கூறலாம். எத்துணை மோட்டார்கள் வந்தாலும், அவற்றில் ஏறிச் செல்லும் மருத்துவர் ஒருவரே எனின் பயன் யாது?

அம்மையார் 1909-இலேயே செவிலியர்க்குப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். அடுத்து, இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்குதல் வேண்டும் என்று துணிந்தார். பெண்கள் மருத்துவம் பயில முன்வாரார் என்று நகைத்தோர் பலர். முதல் உலகப்போர் முடியாத காலம். பொருள் முட்டுப்பாடு மிகுதி. எனினும் 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மகளிர் மருத்துவப் பள்ளி வேலூரில் திறக்கப்பெற்றது. முதலாண்டிலேயே இடம் வேண்டி விண்ணப்பித்த மகளிர் 151 பேர். இடமின்மையாற் பலரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. நகைத்தோர் வாயடைத்தனர். முதல் வகுப்பினர் 1922-இற் பயின்று தேறி வெளிப்போந்தனர். ரோட்சைடு வண்டி இப்பொழுது மாணவியர்க்கு வகுப்பறையும் ஆயிற்று. நூலிற் படித்த நோயைப் புழுதியிற் கண்டு, நோயாளரின் ஊரையும் உணவையும் வறுமையையும் உடன் கண்டு அவர்கள் கற்றனர். ஒற்றைச் சிலிண்டர் பியூஜோவின் இடத்தைப் பின்னர்ப் பெரிய வண்டிகள் கொண்டன. ஊர்தி மாறிற்று, வழி மாறவில்லை.

பிற்காலம்

1928-ஆம் ஆண்டில் வேலூரை அடுத்த பாகாயத்தில் இருநூறு ஏக்கர் நிலத்திற் கல்லூரிக்கெனக் கட்டிடப் பணி தொடங்கிற்று. அரசாங்கத்தார் மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தியபொழுது, பள்ளியை மூடிவிடுதல் அல்லது பட்டக் கல்லூரியாக உயர்த்துதல் என்னும் இரண்டில் ஒன்றே வழியாயிற்று. எழுபது வயதைக் கடந்த அம்மையார் அமெரிக்காவில் ஊர் ஊராய்ச் சென்று பொருள் திரட்டினார். 1942-இல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது; அப்பத்தாண்டிற்குள்ளேயே ஆடவரும் மாணவராகச் சேர்க்கப்பெற்றனர். 1946-இல் அம்மையார் தலைமைப் பொறுப்பினின்றும் ஓய்வுபெற்றார். பின்னர் அக்கல்லூரிக்கு நம் நாட்டுப் பெண்மணியாகிய ஹில்டா லாசரஸ் அம்மையார் முதல்வராயமர்ந்தமை, நட்ட மரம் இம்மண்ணிலேயே வேரூன்றியதைக் காட்டிற்று. மணம் புரியாது, தமக்கென ஒன்றும் வேண்டாது வாழ்ந்த ஐடா அம்மையார் 1960-ஆம் ஆண்டு மேத் திங்களில் தம் எண்பத்தொன்பதாம் வயதிற் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

சாலையோரத்து மரத்தடியிற் காத்து நின்ற தொழுநோயாளர் பின்னும் மறக்கப்பெற்றிலர். 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், மடங்கிய அவர்தம் விரல்களை நிமிர்த்தும் முறையைக் கண்டார். 1955-இற் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. உணர்ச்சியற்ற பாதங்கள் முள்ளாலும் கல்லாலும் புண்படாதிருக்க, மெத்தென்ற ரப்பர் அடியிட்ட செருப்புகள் அங்கே செய்யப்பெற்றன. உலகத்தார் பலர் காலுக்குத் தோற்செருப்புச் செய்து அனுப்பும் இந்நாட்டில், தம் கால் தமக்கே தெரியாத ஏழைகட்கும் காலணி கிடைத்தது. லத்தேரியைக் கடந்து குடியாத்தம் செல்லும் வழியிலுள்ள கே. வி. குப்பம் வட்டாரத்தில், சிற்றூர் மக்களின் உடல்நலத்திற்கும் வாழ்க்கை நலத்திற்குமாக ருஹ்ஸா என்னும் நிலையத்தை அக்கல்லூரியார் 1977-இல் தொடங்கினர். வாரம் ஒருமுறை வந்து சென்ற வண்டி இறுதியில் அவ்வழியிலேயே தங்கிவிட்டது போலும்!

முடிவுரை

அன்பர்களே, பழைய வண்டியைப் போற்றுவார் அதன் எஞ்சின் எண்ணையும் வண்ணத்தையும் ஆண்டையும் பிழையின்றிக் குறித்து வைப்பர். அவற்றோடு, அது யாரை ஏற்றிற்று, எவ்வழியிற் சென்றது, எந்த மரத்தடியில் நின்றது என்பதையும் குறித்து வைப்பாராயின், அவர்தம் ஆர்வம் வரலாறாகும். இல்லையேல் அது வெறும் பித்தளைத் துலக்கமாகவே நின்றுவிடும். நம் ஊர்களிற் கொட்டகைக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய லாரியும் ஜீப்பும் ஆம்புலன்ஸும் எத்தனையோ! ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. தோல்மண்டி வண்டியோட்டியாய் இருந்த முதியவரும், மருத்துவமனை வண்டியில் மருந்துப் பெட்டி சுமந்த முதியவரும் நம்மிடையே இருக்கும்பொழுதே அவ்வழிகளைக் கேட்டறிந்து எழுதிவைத்தல் மாணவராகிய நம் கடனாம்.

இன்று நெடுஞ்சாலையில் இமைப்பொழுதில் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் கடக்கும் ஊர்திகள் எண்ணிறந்தன. மைல்களின் தூரம் பெரிதும் குறைந்தது. ஆயினும் வறியவன் ஒருவனுக்கும் அவனைக் காக்க வல்ல கைகளுக்கும் இடையே பொருளாலும் பிறப்பாலும் அச்சத்தாலும் அமைந்த தூரம் முற்றும் நீங்கிற்றென்று நாம் சொல்லவல்லோமா? விரைந்து கடந்து செல்லும் வண்டிகள் பலவாகிய இக்காலத்தில், வேண்டுவார் முன்னே நிற்கும் வண்டிகளும் சில இருத்தல் வேண்டும். அவற்றை நிறுத்துதற்குரிய நெஞ்சம் நம்முள் வளர்வதாக.